கூடைப்பந்துக் களமும் கணக்குப் பேரேடும்

வட அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகமான என்.பி.ஏ.-வின் 80-ஆவது பருவம் 2025 அக்டோபர் 21-ஆம் தேதி தொடங்குகிறது. 30 அணிகள், அணி ஒன்றுக்கு 82 ஆட்டங்கள், அதன்பின் ஏப்ரல் முதல் ஜூன் வரை பிளே ஆஃப் சுற்றுகள். பருவம் தொடங்குமுன் எந்த அணி வலியது, எது மெலிந்தது என்று வரிசைப்படுத்தி எழுதுவது அந்நாட்டு நாளேடுகளின் நீண்டகால வழக்கம். ரசிகர்கள் மட்டுமல்லாது, அணி உரிமையாளர்களும் ஒளிபரப்பு நிறுவனங்களும் அந்தப் பட்டியல்களை ஊன்றிப் படிக்கின்றனர்.

இப்பட்டியல்களில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. புகழ்பெற்ற பெயர்களை எண்ணி, எந்த அணியில் அவை அதிகமோ அதுவே வலிமையானது என்று முடிவுகட்டுவதுதான் அது. கடந்த பருவத்தில் பீனிக்ஸ் அணியில் கெவின் டுரான்ட், டெவின் புக்கர், பிராட்லி பீல் என மூன்று பெரும் பெயர்கள் இருந்தன. வீரர்களுக்கான ஊதியச் செலவிலும் 30 அணிகளில் முதலிடம் அதற்குத்தான். கிடைத்த பலனோ 36 வெற்றிகள், 46 தோல்விகள். பிளே ஆஃப் வாசலைக்கூட அந்த அணி எட்டவில்லை. இன்று டுரான்ட் ஹூஸ்டனில் இருக்கிறார். பீலுடைய ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே, விலகிச் செல்வதற்காக அவருக்குப் பணம் தரப்பட்டது. அந்தத் தொகையின் தவணைகள் இன்னும் ஐந்தாண்டுகளுக்கு பீனிக்ஸின் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் வலிமையை எதைக்கொண்டு அளப்பது? வெற்றிகளின் எண்ணிக்கையைவிட நம்பத்தக்க அளவுகோல், ஓர் அணி எடுத்த புள்ளிகளுக்கும் கொடுத்த புள்ளிகளுக்கும் உள்ள வித்தியாசம். ஓரிரு புள்ளிகளில் முடியும் ஆட்டங்களில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. வித்தியாசத்தில் அந்தப் பங்கு குறைந்துவிடுகிறது. பேஸ்பால் ஆட்டத்துக்காக பில் ஜேம்ஸ் உருவாக்கிய சூத்திரத்தை, பின்னர் ஹூஸ்டன் அணியின் பொது மேலாளராக விளங்கிய டேரில் மோரி கூடைப்பந்துக்கு ஏற்ப மாற்றியமைத்தார். எடுத்த புள்ளிகளையும் கொடுத்த புள்ளிகளையும் ஏறத்தாழ 14-இன் அடுக்குக்கு உயர்த்தி, முன்னதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த அணி வென்றிருக்க வேண்டிய ஆட்டங்களின் விகிதம் கிடைக்கும்.

கடந்த பருவத்தில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 120.5 புள்ளிகள் எடுத்து 107.6 புள்ளிகள் கொடுத்தது. சூத்திரத்தில் இட்டால் 82 ஆட்டங்களுக்கு 68 வெற்றிகள் வருகின்றன. அது உண்மையில் வென்றதும் 68. வித்தியாசம் ஏறத்தாழ 12.9 புள்ளிகள், என்.பி.ஏ. வரலாற்றிலேயே இதுதான் உச்சம். 1971-72 பருவத்தில் லாஸ் ஏஞ்சலீஸ் லேக்கர்ஸ் படைத்த சாதனை அரை நூற்றாண்டுக்குப் பின் முறியடிக்கப்பட்டது. கிளீவ்லாந்தின் வித்தியாசம் 9.5, பாஸ்டனுடையது 9.1. இந்த மூன்று அணிகளும் ஒரு தட்டில் இருந்தன. மினசோட்டா, ஹூஸ்டன், நியூயார்க், டென்வர் ஆகியவை நான்கு ஐந்து புள்ளிகளுடன் வெகுதொலைவு பின்தங்கி அடுத்த தட்டில் இருந்தன.

ஆயினும், சராசரி பலவற்றை மறைக்கும். நான் வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லிச் சலித்த செய்தி இது. தலா வருமானத்தைப் பார்த்து ஒரு நாட்டின் வாழ்நிலையை மதிப்பிடுவது எவ்வளவு பிழையோ, அதே பிழை இங்கும் நேரும். டென்வரின் புள்ளி வித்தியாசம் வெறும் 3.9. ஆனால், பிளே ஆஃபின் இரண்டாம் சுற்றில் சாம்பியனாகப் போகிற ஓக்லஹோமாவை ஏழாவது ஆட்டம் வரை இழுத்துச்சென்றது அந்த அணிதான். காரணம் நிகோலா யோகிச். ஆட்டத்துக்குச் சராசரியாக 29.6 புள்ளிகள், 12.7 ரீபவுண்டுகள், 10.2 உதவிப் பாஸ்கள் என அவர் களத்தில் நின்ற நேரத்தில் டென்வர் முதல்தர அணி. அவர் ஓய்வெடுக்க அமர்ந்த நிமிடங்களில் அது கடைநிலை அணி. இரண்டையும் கூட்டி வகுத்தால் வருவது 3.9. பிளே ஆஃபில் அவர் அமரும் நேரம் குறைவு. ஆகவே அங்கே வலிமை கூடுகிறது. இருந்தும் ஏழாவது ஆட்டத்தில் 125-93 என்று 32 புள்ளிகளில் டென்வர் நொறுங்கியது. களைப்புக்கும் ஒரு கணக்கு உண்டு.

இண்டியானாவின் கதை வேறு வகை. அதன் வித்தியாசம் 2.3 மட்டுமே. சூத்திரப்படி 47 ஆட்டங்கள் வென்றிருக்க வேண்டிய அணி 50 வென்றது. பிறகு 64 வெற்றிகள் பெற்ற கிளீவ்லாந்தை 4-1 என வீழ்த்தி, நியூயார்க்கையும் தாண்டி, இறுதிச் சுற்றில் ஓக்லஹோமாவை ஏழு ஆட்டங்கள் வரை கொண்டுசென்றது. பருவத்தை 10 வெற்றி, 15 தோல்வி என்று தொடங்கிய அணி அது. எஞ்சிய 57 ஆட்டங்களில் 40-ஐ வென்றது. தொடக்கத் தடுமாற்றம் ஆண்டுச் சராசரியைக் கீழே இழுத்துவிட்டதால், ஏப்ரலில் அதன் உண்மை வலிமையைப் பலரும் காணத் தவறினர். நானும்தான்.

எண்களுக்கு அடுத்து உடல்நலம். கடந்த பிளே ஆஃபின்போது மூன்று முன்னணி வீரர்களுக்குக் குதிகாலின் அக்கிலிஸ் தசைநார் அறுந்தது. ஏப்ரலில் மில்வாக்கியின் டேமியன் லில்லர்ட், மே மாதம் பாஸ்டனின் ஜேசன் டேட்டம், ஜூன் 22 அன்று இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் முதல் கால்பகுதியிலேயே இண்டியானாவின் டைரீஸ் ஹாலிபர்டன். மூவரும் அணிந்திருந்த சட்டை எண் பூஜ்யம் என்பதைச் சகுனம் பார்ப்பவர்கள் விடாமல் குறிப்பிடுகின்றனர். பொருளியல் பார்வையில் மூவரும் கிழக்குப் பிரிவினர் என்பதுதான் முக்கியம். ஒரே வசந்த காலத்தில் கிழக்கின் அதிகாரச் சமநிலை மாறிப்போனது. இந்தத் தசைநார் குணமாக ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கும். ஹாலிபர்டன் இந்தப் பருவம் முழுவதும் ஆடமாட்டார் என்று அவருடைய அணி அறிவித்துவிட்டது.

இனி, கணக்குப் பேரேட்டுக்கு வருவோம். இன்றைய என்.பி.ஏ.-வில் ஓர் அணியின் வலிமையைத் தீர்மானிப்பதில் களத்துக்குச் சமமான இடம் பேரேட்டுக்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்து.

ஊதிய உச்சவரம்பு 1984-85 பருவத்தில் அறிமுகமானது. அன்று ஓர் அணிக்கு 36 லட்சம் டாலர். இந்தப் பருவத்தில் 15.46 கோடி டாலர். இது கடக்கவே முடியாத சுவரல்ல. சொந்த வீரர்களைத் தக்கவைக்க அணிகள் இதைத் தாண்டலாம். தாண்டிச் சென்று 18.79 கோடியைக் கடந்தால் ஆடம்பர வரி. 2023-இல் உரிமையாளர்களும் வீரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தம் இதற்கு மேலும் ஒரு கோட்டைப் போட்டது. ‘இரண்டாம் ஏப்ரன்’ என்று பெயர். இவ்வாண்டு அது 20.78 கோடி டாலர்.

முந்தைய கோடுகளைத் தாண்டியவர்களுக்குத் தண்டனை பணம். பெரும்பணக்கார உரிமையாளர் முகம் சுளித்துக்கொண்டே கட்டிவிடுவார். இரண்டாம் ஏப்ரனைத் தாண்டினால் தண்டனை பணத்தோடு நிற்பதில்லை; அணியின் கைகளே கட்டப்படும். இரண்டு மூன்று வீரர்களின் ஊதியத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை மாற்றாகப் பெற இயலாது. கொடுப்பதைவிட ஒரு டாலர் கூடுதல் ஊதியத்தையும் உள்ளே கொண்டுவர முடியாது. ஏழாண்டுகளுக்குப் பிந்தைய முதல் சுற்று டிராஃப்ட் உரிமை, அதாவது இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை, முடக்கப்படும். தொடர்ந்து கோட்டுக்கு மேலேயே இருந்தால் அந்த உரிமை முதல் சுற்றின் கடைசி இடத்துக்குத் தள்ளப்படும். வரி என்பது விலை. இதுவோ அளவுக் கட்டுப்பாடு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொருளியல் மாணவர் எவரும் அறிவர்.

பாஸ்டனுக்கு நேர்ந்தது இதற்குச் சான்று. 2024-இல் சாம்பியன், கடந்த பருவத்தில் 61 வெற்றிகள். அதே வீரர்களை இவ்வாண்டும் வைத்துக்கொண்டிருந்தால் ஊதியமும் வரியும் சேர்ந்து 50 கோடி டாலரை எட்டியிருக்கும் என்று கணக்கிடப்பட்டது. டேட்டம் வீழ்ந்ததும் நிர்வாகம் தயங்கவில்லை. ஜூரு ஹாலிடே போர்ட்லாந்துக்கும், கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்கும் அனுப்பப்பட்டனர். அல் ஹார்ஃபோர்டும் லூக் கார்னெட்டும் வேறு அணிகளுக்குச் சென்றனர். சாம்பியன் அணியின் உயரமான வீரர்கள் மூவரும் ஒரே கோடையில் போய்விட்டனர். இத்தனைக்கும் அந்த அணி 610 கோடி டாலர் மதிப்பில் புதிய உரிமையாளருக்கு அண்மையில்தான் கைமாறியது. அந்த அணியை உடைத்தது வறுமையல்ல, விதி. ஜேலன் பிரவுனும் டெரிக் வைட்டும் இருப்பதால் பாஸ்டன் எளிதில் மடியாது. ஆனால், இந்தப் பருவத்தில் அதைச் சாம்பியன் பட்டத்துக்குப் போட்டியிடும் அணிகளில் சேர்க்க இயலாது.

ஓக்லஹோமாவின் பேரேடு இதற்கு நேர்மாறானது. 2019-இல் பால் ஜார்ஜ் என்ற நட்சத்திர வீரரை லாஸ் ஏஞ்சலீஸ் கிளிப்பர்ஸ் அணிக்குக் கொடுத்தபோது, அந்த அணி பதிலுக்குப் பெற்றவை: அப்போது 20 வயது நிரம்பியிருந்த ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர், டனிலோ கல்லினாரி, ஐந்து முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகள், மேலும் இரு ஆண்டுகளில் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை. கில்ஜியஸ்-அலெக்சாண்டர் கடந்த பருவத்தில் ஆட்டத்துக்கு 32.7 புள்ளிகளுடன் புள்ளிப் பட்டியலில் முதலிடம், பருவத்தின் சிறந்த வீரர் விருது, இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருது மூன்றையும் பெற்றார். 2022-இல் கிளிப்பர்ஸின் டிராஃப்ட் உரிமையைக் கொண்டு 12-ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர் ஜேலன் வில்லியம்ஸ். இன்று அணியின் இரண்டாவது தூண். அந்த ஒப்பந்தத்தின் கடைசித் தவணையான 2026-ஆம் ஆண்டு உரிமை இன்னும் பாக்கியிருக்கிறது. ஜேம்ஸ் ஹார்டனுக்கு 36 வயது, கிறிஸ் பாலுக்கு 40, புரூக் லோபஸுக்கு 37 என முதுமை தட்டிய கிளிப்பர்ஸ் இவ்வாண்டு சறுக்கினால், அதன் பலன் ஆளும் சாம்பியனுக்கே போய்ச்சேரும். இதைவிட நல்ல காப்பீடு எந்த அணிக்கும் இல்லை.

சாம்பியன் அணியின் முக்கிய வீரர்கள் அனைவரும் அப்படியே தொடர்கின்றனர். இந்தப் பருவத்தில் ஜேலன் வில்லியம்ஸின் ஊதியம் ஏறத்தாழ 66 லட்சம் டாலர், செட் ஹோல்ம்கிரனுடையது 1.37 கோடி. இருவரும் இன்னும் தங்கள் முதல் ஒப்பந்தத்தின் விலையில்தான் ஆடுகின்றனர். அடுத்த பருவம் முதல் அவர்கள் ஒவ்வொருவரும் பெறப்போவது 4 கோடி டாலருக்கும் மேல். கில்ஜியஸ்-அலெக்சாண்டரின் நான்காண்டு நீட்டிப்பு 28.5 கோடி டாலர். அது 2027-28 பருவத்தில் தொடங்கும். அதாவது, ஓக்லஹோமா மலிவு விலையில் பெருவலிமை பெறும் கடைசி ஆண்டு இது. அடுத்த கோடையில் ஹார்டென்ஸ்டைன், டார்ட் போன்றோரை வைத்துக்கொள்வதா விடுவதா என்ற கேள்வி எழும். பாஸ்டன் சென்ற பாதையின் வாசல் ஓக்லஹோமாவுக்கும் திறந்திருக்கிறது.

இடையே ஒரு செய்தி. அந்நகர மக்கள் 2023 டிசம்பரில் வாக்களித்து, குறைந்தது 90 கோடி டாலர் செலவிலான புதிய அரங்கத்துக்காக விற்பனை வரியை ஏற்றுக்கொண்டனர். அணி உரிமையாளர்களின் பங்கு 5 கோடி டாலர். விளையாட்டு அரங்கங்களுக்குப் பொதுப்பணம் செலவிடுவது உள்ளூர்ப் பொருளாதாரத்துக்கு ஈடான பலனைத் தருவதில்லை என்பது இத்துறை ஆய்வாளர்களிடையே அரிதாகக் காணப்படும் ஒருமித்த கருத்து. அந்த வலிமையின் விலையில் ஒரு பகுதியை, டிக்கெட் வாங்கவே இயலாத குடும்பமும் காய்கறிக் கடையில் செலுத்துகிறது. பட்டியல்களில் இது இடம்பெறாது.

மேற்குப் பிரிவில் சாம்பியனுக்கு மிக அருகில் இருப்பது டென்வர் என்பது என் கணிப்பு. அந்த அணி தன் நோயைச் சரியாகக் கண்டறிந்தது. ஏறத்தாழ 3.8 கோடி டாலர் ஊதியம் பெறும் மைக்கேல் போர்ட்டரை 2032-ஆம் ஆண்டின் டிராஃப்ட் உரிமையுடன் புரூக்ளினுக்குக் கொடுத்து, 2.1 கோடி பெறும் கேமரன் ஜான்சனை வாங்கியது. மிச்சமான இடத்தில் மாற்று வீரர்கள் வந்தனர்: யோகிச்சுக்கு மாற்றாக யோனாஸ் வலான்சியூனாஸ், 2023-இல் கோப்பை வென்றபோது உடனிருந்த புரூஸ் பிரவுன், தொலைவிலிருந்து எறியும் டிம் ஹார்டவே. யோகிச் அமரும் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களுக்காகவே ஒரு கோடைக்கால முதலீடு முழுவதும் செய்யப்பட்டிருக்கிறது. புதிய நட்சத்திரத்தைத் தேடி ஓடாமல், எல்லைப் பயன்பாடு எங்கே அதிகமோ அங்கே செலவிட்டிருக்கின்றனர்.

ஹூஸ்டன் மறுவழி. 52 வெற்றிகளுடன் மேற்கில் இரண்டாமிடம் பெற்றும், முதல் சுற்றிலேயே கோல்டன் ஸ்டேட்டிடம் ஏழு ஆட்டங்களில் தோற்றது. தற்காப்பும் ரீபவுண்டும் உறுதியானவை. நெருக்கடியில் புள்ளி எடுக்க ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே டுரான்ட் வந்திருக்கிறார். அவருக்கு வயது 37. வந்த சில மாதங்களுக்குள், பந்தை ஏந்தி ஆட்டத்தை நடத்தும் ஃபிரெட் வான்வ்லீட்டுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. அப்பொறுப்பு இப்போது 22 வயதான ஆமென் தாம்ப்சனின் தோளில். பாயும் வேகம் அவருக்குண்டு; தொலைவிலிருந்து எறியும் திறன் இன்னும் கைவரவில்லை. வான்வ்லீட் நலமாக இருந்திருந்தால் ஹூஸ்டனை டென்வருக்குச் சமமாக வைத்திருப்பேன்.

லேக்கர்ஸில் லூகா டான்சிச் முழுப் பருவம் ஆடப்போகிறார். எவரும் எட்டாத 23-ஆவது பருவத்தில் கால்வைக்கும் லெப்ரான் ஜேம்ஸோ தொடக்க ஆட்டங்களில் இல்லை. தற்காப்பில் அந்த அணிக்கு ஓட்டை அதிகம். மினசோட்டா தொடர்ந்து இருமுறை மேற்கின் இறுதிச்சுற்றில் தோற்ற அணி. பணக்கணக்கு இடிக்க, நிக்கெயில் அலெக்சாண்டர்-வாக்கரை அட்லாண்டாவுக்கு இழந்தது. கோல்டன் ஸ்டேட்டில் கரிக்கு 37, பட்லருக்கு 36, ஹார்ஃபோர்டுக்கு 39 வயது. அந்த அணியின் வலிமையைக் கணிக்கப் புள்ளியியலாளரைவிட எலும்பு மருத்துவரே தகுதியானவர். டல்லாஸ் வெறும் 1.8 விழுக்காடு வாய்ப்புடன் குலுக்கலில் வென்று கூப்பர் ஃபிளாக்கைப் பெற்றது. அதன் பயன் இவ்வாண்டல்ல, பின்னால் தெரியும். ரத்தக்கட்டியால் கடந்த பருவத்தில் 46 ஆட்டங்களோடு நின்றுபோன சான் அன்டோனியோவின் விக்டர் வெம்பன்யாமா முழுநலத்துடன் திரும்பினால், மேற்கின் எந்தக் கணிப்பும் கலைந்துபோகலாம்.

கிழக்கில் நிலைமை எளிது. ஆளில்லா அரியணை அது. கிளீவ்லாந்தும் நியூயார்க்கும் அதைக் கோருகின்றன. கிளீவ்லாந்தின் புள்ளி வித்தியாசம் எஞ்சியிருக்கும் கிழக்கு அணிகளில் யாருக்கும் கிட்டாதது. டோனோவன் மிட்செலும், பருவத்தின் சிறந்த தற்காப்பு வீரர் விருது பெற்ற இவான் மோப்லியும் இருக்கின்றனர். ஆனால், அது இரண்டாம் ஏப்ரனைத் தாண்டி நிற்கும் அணி. டேரியஸ் கார்லாண்ட் கால்விரல் அறுவை சிகிச்சையிலிருந்து மீள்கிறார்; மேக்ஸ் ஸ்ட்ரூஸுக்கும் பாத அறுவை சிகிச்சை. காயம் நீடித்தால் நடுப்பருவத்தில் ஆளை மாற்றிச் சரிசெய்ய அந்த அணிக்கு வழி குறைவு. விதி கட்டிப்போட்ட கை என்பது இதுதான்.

நியூயார்க் கடந்த ஆண்டு கால் நூற்றாண்டுக்குப் பின் கிழக்கின் இறுதிச்சுற்றை எட்டியது. எட்டிய கையோடு பயிற்சியாளர் டாம் திபடோவை நீக்கியது. ஜேலன் பிரன்சனும் கார்ல்-அந்தோணி டவுன்ஸும் தாக்குதலில் வலியவர்கள், தற்காப்பில் எதிரணியினர் தேடிப்பிடிக்கும் இலக்குகள். புதிய பயிற்சியாளர் மைக் பிரவுனின் முதல் வேலை முதல் ஐவருக்கு ஓய்வு தருவது. அதற்கென ஜோர்டன் கிளார்க்சனும் கெர்ஷோன் யாபுசேலேவும் வந்துள்ளனர். ஆர்லாண்டோ நான்கு முதல் சுற்று உரிமைகளைக் கொடுத்து டெஸ்மண்ட் பேனை வாங்கியிருக்கிறது. மூன்று புள்ளி எறிதலில் கடந்த பருவத்தில் கடைசி இடத்தில் இருந்த அணிக்கு அது அதிக விலையல்ல என்றே தோன்றுகிறது. டெட்ராய்ட் 14 வெற்றிகளிலிருந்து ஒரே ஆண்டில் 44-க்குத் தாவியது. அத்தகைய தாவலுக்குப் பின் சற்றே பின்வாங்குவது புள்ளியியலின் இயல்பு. இண்டியானா, ஹாலிபர்டனோடு நடுக்கள வீரர் மைல்ஸ் டர்னரையும் மில்வாக்கியிடம் இழந்துவிட்டது. மில்வாக்கியோ டர்னருக்கு இடம் ஒதுக்குவதற்காகக் காயமுற்ற லில்லர்டை விடுவித்து, அவருக்குத் தரவேண்டிய 11 கோடி டாலருக்கும் அதிகமான தொகையை ஐந்தாண்டுகளுக்குப் பரப்பியிருக்கிறது. யானிஸ் அன்டெட்டோகும்போவைத் தக்கவைக்கும் பதற்றத்தில் எதிர்காலத்தை அடகுவைத்த கணக்கு அது.

இனி, இந்த விதிகள் நல்லவையா என்ற கேள்வி. 2019 முதல் டொராண்டோ, லேக்கர்ஸ், மில்வாக்கி, கோல்டன் ஸ்டேட், டென்வர், பாஸ்டன், ஓக்லஹோமா என ஏழாண்டுகளில் ஏழு வெவ்வேறு சாம்பியன்கள். என்.பி.ஏ. வரலாற்றில் இதற்கு முன் இப்படி நிகழ்ந்ததில்லை. 1959 முதல் 1966 வரை பாஸ்டன் ஒன்றே தொடர்ந்து எட்டு முறை வென்ற காலத்தோடு ஒப்பிட்டால் மாற்றம் விளங்கும். கழக நிர்வாகம் இதைப் பெருமையாகச் சொல்கிறது.

அதற்கு ஒரு நியாயமும் உண்டு. 1964-இல் வால்டர் நீல் என்ற பொருளியலாளர் சுட்டிக்காட்டிய முரண் இது: வணிகத்தில் எதிராளியை ஒழிப்பது லாபம், விளையாட்டில் எதிராளி ஒழிந்தால் வியாபாரமே இல்லை. குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸுக்கு நிகரான எதிரி இல்லையென்றால் யார் பணம் கொடுத்துப் பார்ப்பார்கள்? ஆனால், அதற்கு எட்டாண்டுகள் முன்பே, 1956-இல், சைமன் ராட்டன்பெர்க் பேஸ்பாலை ஆராய்ந்து வேறொன்றைச் சொன்னார். வீரர்களின் உரிமையைக் கட்டுப்படுத்தும் விதிகள் திறமை எந்த ஊருக்குச் செல்கிறது என்பதைப் பெரிதாக மாற்றுவதில்லை. அந்தத் திறமையின் விலை யார் பைக்குச் செல்கிறது என்பதையே மாற்றுகின்றன. சமநிலை என்ற பெயரில் வரும் விதி, உண்மையில் ஊதியக் கட்டுப்பாடாக இருக்கலாம்.

இரண்டாம் ஏப்ரன் ராட்டன்பெர்க் கண்டதைவிடக் கடுமையானது. திறமையின் பரவலை அது மெய்யாகவே மாற்றுகிறது. பாஸ்டனே சாட்சி. ஆனால், சுமை யார்மீது விழுகிறது? கழக வருவாயில் ஏறத்தாழ பாதி வீரர்களுக்கு என்பது ஒப்பந்தம். ஆகவே மொத்தத் தொகை குறையவில்லை. உச்சியில் உள்ளோரின் ஊதியம் உச்சவரம்பில் ஒரு விழுக்காடாக நிர்ணயிக்கப்படுவதால் அது வளர்ந்துகொண்டே போகிறது. நெருக்கப்படுவோர் நடுத்தட்டினர். கடந்த கோடையில் ஜோனாதன் குமிங்கா, ஜாஷ் கிடி, குவென்டின் கிரைம்ஸ், கேம் தாமஸ் ஆகியோர் செப்டம்பர் வரை ஒப்பந்தத்துக்காகக் காத்துக்கிடந்தனர். ஆட்டத்துக்கு 24 புள்ளிகள் எடுத்த தாமஸ் ஏறத்தாழ 60 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஆட ஒப்புக்கொண்டார். அவர்கள் மீது இரக்கப்படுங்கள் என்று நம் வாசகரிடம் கேட்பது வேடிக்கையாகவே இருக்கும். ஆனால், 11 ஆண்டுகளுக்கு 7,600 கோடி டாலர் என்ற புதிய ஒளிபரப்பு ஒப்பந்தம் இந்தப் பருவத்தில்தான் தொடங்குகிறது. லேக்கர்ஸ் அணி 1,000 கோடி டாலர் மதிப்பில் கைமாறுகிறது. உரிமையாளரின் சொத்து மதிப்புக்கு எந்த உச்சவரம்பும் இல்லை.

நன்றாகத் தேர்ந்தெடுத்து, பொறுமையாக வளர்த்து, சாம்பியனாக்கிய அணியை இரண்டே ஆண்டுகளில் கலைக்கச்சொல்லும் விதி மிகையானது என்பதே என் கருத்து. சொந்த டிராஃப்டில் எடுத்து வளர்த்த வீரர்களின் ஊதியத்தில் ஒரு பகுதியையாவது அந்தக் கோட்டுக்கு வெளியே விட்டால், சமநிலையும் கெடாது. நல்ல நிர்வாகமும் தண்டிக்கப்படாது. ஓக்லஹோமா அந்தக் கோட்டை நெருங்கும்போது இந்த விவாதம் சூடுபிடிக்கும்.

அதுவரை, இவ்வாண்டுக்கான என் மதிப்பீடு இதுதான். ஓக்லஹோமா தெளிவாக முன்னே நிற்கிறது. மணிக்கட்டு அறுவை சிகிச்சையிலிருந்து ஜேலன் வில்லியம்ஸ் திரும்பும் வரையிலான வாரங்கள் மட்டுமே சிறு இடைவெளி. அடுத்து டென்வர். சற்றுத் தள்ளி ஹூஸ்டனும் கிளீவ்லாந்தும் நியூயார்க்கும். கிழக்கிலிருந்து யார் வந்தாலும் இறுதிச்சுற்றில் அவர்கள் எதிரணியைவிட மெலிந்தவர்களாகவே இருப்பர் என்று எண்ணுகிறேன். கடந்த ஆண்டும் இப்படித்தான் எண்ணினேன், ஏழாவது ஆட்டம் வரை போயிற்று.

முதல் ஆட்டம் நமக்கு 22-ஆம் தேதி அதிகாலை 5 மணிக்கு. ஓக்லஹோமாவில் சாம்பியன் மோதிரங்கள் வழங்கப்பட்டபின் எதிரே களமிறங்குவது ஹூஸ்டன், அதாவது டுரான்ட். எட்டாண்டுகள் அந்நகருக்காக ஆடி, 2016-இல் ஒப்பந்தம் முடிந்து அவர் வெளியேறியபோது அந்த அணிக்கு ஈடாக ஒரு வீரரோ ஒரு டிராஃப்ட் உரிமையோ கிடைக்கவில்லை. மூன்றாண்டுகள் கழித்து பால் ஜார்ஜ் விடைபெற விரும்பியபோது, அந்த நிர்வாகம் வெறுங்கையுடன் நிற்கவில்லை.